கருவாட்டு யாவாரத்துக்கு லோகோ, வெப்சைட்: கையில 40,000 இருக்கு, எதுக்கு எம்புட்டு ஒதுக்கலாம்?

தங்கச்சிமடம்_தம்பி

அண்ணே, அக்கா எல்லாருக்கும் வணக்கம். அம்மாவும் சித்தியும் ரொம்ப வருசமா நெத்திலி, வாளை, காரல்னு காயப்போட்டு யாவாரிகிட்ட எடைக்குப் போட்டுக்கிட்டு இருக்காக, அவுக சொல்றதுதான் வெல. இப்ப நாங்களே 250 கிராம், அரைக்கிலோ பாக்கெட் போட்டு நேரா ஆளுகளுக்கு விக்கலாம்னு எறங்கிருக்கோம். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) பதிவு வாங்கியாச்சு, உத்யம் (சிறு தொழில் பதிவு) போட்டாச்சு. லோகோ வெப்சைட் எல்லாத்துக்கும் சேத்து 40,000 ஒதுக்கிருக்கோம், சித்தி சீட்டு எடுத்த காசு அது, அதுக்கு மேல வழியில்ல.

ராம்நாட்ல ஒரு பேனர் கடையில லோகோவுக்கு 1,500 கேக்குறாக, நாளைக்கே தர்றேங்குறாக. மதுரையில ஒரு கம்பெனி லோகோ வெப்சைட் ரெண்டும் சேத்து 85,000, அதுல லோகோ மட்டும் 25,000. கூடப் படிச்சவன் ஒருத்தன் எல்லாத்தையும் 12,000க்கு முடிச்சுத் தர்றேங்குறான். ஒரே வேலைக்கு எப்புடி இம்புட்டு வித்தியாசம் வருதுன்னே புரியல. லோகோவுல பாம்பன் பாலம் போடலாம்னு ஒரு யோசனை இருக்கு, அடுத்து முண்டு மிளகா வத்தல் பொடியும் பாக்கெட் போடலாம்னு அம்மா சொல்லுது. எதுல மிச்சம் புடிக்கலாம், எதுல புடிக்கக் கூடாது, தெரிஞ்சவுக சொல்லுங்க.

அச்சாபீஸ்_அண்ணன்

தம்பி, லோகோவுக்கு எம்புட்டுன்னு கேக்குறதுக்கு முன்னாடி அத எதுல அடிக்கப் போறீகன்னு முடிவு பண்ணுங்க, காசு அங்கதான் கெடக்கு. நான் ராம்நாட்ல ரொம்ப காலமா பிரிண்டிங்ல இருக்கேன். பாக்கெட்டுலயே டிசைன் அடிச்ச பவுச் வேணும்னா அது கிராவியூர் பிரிண்டிங், ஒரு கலருக்கு ஒரு சிலிண்டர் வெட்டணும், நாலு கலர்னா நாலு சிலிண்டர், அதுபோக ஆயிரக்கணக்குல பவுச் எடுத்தாத்தான் மிஷினையே ஓட்டுவாக. உங்க 40,000 அதுலயே போயிரும். அதுலயும் கருவாடு சீசன் சரக்கு, ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம், அப்ப என்ன மீன் கெடைக்கும் எந்த வெலைக்குக் கெடைக்கும்னு யாரு சொல்ல முடியும், நெத்திலின்னு பேரடிச்ச பவுச் மூட்டை மூட்டையா தூங்கும். அதனால பிளைன் பவுச் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுங்க. லோகோ, அட்ரஸ் எல்லாம் ஒரே பொது ஸ்டிக்கர், மீன் பேரு எடை தேதி மட்டும் சின்னதா தனி ஸ்டிக்கர்.

டிசைன் பண்றவருகிட்ட மொதல்லயே சொல்ல வேண்டியது ஒன்னு இருக்கு. கருவாடு அசைவம், பாக்கெட்டுல பழுப்புக் கலர் முக்கோணம் சதுரத்துக்குள்ள வந்தே ஆகணும் (முன்னாடி வட்டம், இப்ப மாத்திட்டாக). எப்புடியும் அந்தப் பழுப்பு அடிக்கத்தான போறோம், லோகோவும் அதே பழுப்புல இருந்தா கலர் ஒன்னு மிச்சம், பின்னாடி பெருசா பிரிண்ட் போறப்ப அம்புட்டும் காசு. எடை, எம்ஆர்பி, தயாரிச்ச மாசம் வருசம், அட்ரஸ், புகார் சொல்ல போன் நம்பர், எஃப்எஸ்எஸ்ஏஐ 14 இலக்க எண், இதுக்கெல்லாம் எடம் விடணும். நெறைய பேரு லோகோவ மட்டும் அழகா வாங்கிட்டு வந்துட்டு இதெல்லாம் எங்க வைக்கிறதுன்னு என் மிஷின் முன்னாடி நின்னு முழிக்கிறாக.

பேனர் கடை 1,500 தப்புன்னு சொல்ல மாட்டேன், அதுல பசங்க நல்லா வரையிறாக. ஆனா வெறும் ஜேபெக் குடுத்தா வாங்காதீக, பெருசு பண்ணா ஓரமெல்லாம் ஒடையும். எம்புட்டுப் பெருசு பண்ணாலும் ஒடையாத சிடிஆர் (கோரல்டிரா) இல்லாட்டி ஏஐ (அடோபி இல்லஸ்ட்ரேட்டர்) ஃபைல், எஸ்விஜி, பேக்ரவுண்ட் இல்லாத பிஎன்ஜி, கருப்பு வெள்ளையில ஒன்னு, இம்புட்டும் கேட்டு வாங்குங்க. பேரை 2 செண்டிமீட்டருக்குக் கொறச்சு அடிச்சுப் பாருங்க, படிக்க முடியலன்னா அந்த லோகோ கருவாட்டுப் பாக்கெட்டுக்கு ஆகாது.

பாம்பன்_மச்சான்

பாலம் மட்டும் வேணாம்டா தம்பி. லாட்ஜ், டிராவல்ஸ், ஐஸ் கம்பெனின்னு எங்க பாத்தாலும் அந்தப் பாலந்தான். அதுவும் எல்லாரும் போடுறது ரெண்டு கையா பிரிஞ்சு தூக்குற 1914 பாலம், இப்ப ரயில் போறது 2025 ஏப்ரல்ல தொறந்த புதுசு, அதுல நடுத்துண்டு நேரா மேல ஏறும். உங்க அம்மா காயப்போடுற பரண், வலை, அந்த நெத்திலி வரிசை, இதுல இல்லாததா பாலத்துல இருக்கு?

தொதல்_லாத்தா

தம்பி நான் கீழக்கரை, வீட்டுலயே தொதல் இனிப்பு கிண்டி வெளியூருக்கு அனுப்புறோம். அச்சாபீஸ் காக்கா (அண்ணன்) சொன்னது அத்தனையும் சரி. நான் வெப்சைட் பக்கம் மட்டும் சொல்றேன்.

டொமைன் (வெப்சைட் முகவரி) உங்க பேருல, உங்க ஈமெயில்ல, உங்க போன் நம்பர்ல இருக்கணும். எங்களுக்கு வெப்சைட் போட்டுக் குடுத்தவர் எல்லாத்தையும் அவர் அக்கவுண்ட்லயே வாங்கி வச்சிருந்தார், ரெண்டாவது வருசம் ரினீவல்னு மொத வருசத்த விட ரொம்பக் கூடக் கேட்டார், நாங்க வேற ஆளு பாக்குறோம்னதும் போன எடுக்கல. பெருநாளைக்கு முந்தி ஆர்டர் வர்ற நேரத்துல சைட் நின்னு போச்சு. வீட்ட நம்ம காசுல கட்டிட்டு பட்டாவ கொத்தனார் பேருல போட்ட கதைதான். கடைசியில வேற பேருல புதுசா வாங்குனோம், பழைய பேரு அடிச்ச டப்பா எல்லாம் வீணு. டாட் இன் வருசத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள்ள வந்துரும், நீங்களே உக்காந்து உங்க கார்டுல வாங்கிட்டு, வேலை பாக்குறவருக்கு உள்ள போக வழி மட்டும் குடுங்க.

அப்புறம் ஹோஸ்டிங் (சைட்ட வைக்கிற எடத்துக்கு வாடகை), மாசம் 99 ரூபாய்னு விளம்பரம் போடுவாங்க, அது மூணு நாலு வருசத்துக்கு மொத்தமா கட்டுனா மட்டும்தான், முடிஞ்சு புதுப்பிக்கிறப்ப ரேட்டு மடங்கா ஏறும். வாங்குறப்பவே ரினீவல் ரேட்டு என்னன்னு பாருங்க, கீழ சின்ன எழுத்துல இருக்கும்.

என் மனசுல உள்ளதச் சொல்றேன், மொத ஆறு மாசத்துக்கு உங்களுக்குப் பெரிய வெப்சைட் தேவையில்ல. வாட்ஸ்அப் பிசினஸ் சும்மா கெடைக்குது, கேட்டலாக்ல போட்டோ வெல போட்டுரலாம், சரக்கு இல்லன்னா மறைச்சு வச்சுரலாம். எங்களுக்கு துபாய்லருந்து சென்னை வரைக்கும் ஆர்டர் அதுலதான் வருது, வெப்சைட்ட ஆளுக நம்பிக்கைக்குத்தான் பாக்குறாங்க.

உச்சிப்புளி_பையன்

எதுக்கு இவ்ளோ செலவு? ஏஐ கிட்ட சொன்னா அஞ்சு நிமிசத்துல நூறு லோகோ தருது, வெப்சைட்டும் அதுவே போட்டுத் தரும். 40,000த்தையும் சரக்குல போடுங்க ப்ரோ.

கோடும்_கலரும்

உச்சிப்புளி தம்பி, நான் மண்டபத்துல உக்காந்து டிசைன் வேலை பாத்துத்தான் பொழைக்கிறேன், அதனால இதுக்கு நிதானமா பதில் சொல்லணும்னு தோணுது. யோசனை எடுக்க ஏஐ நல்லதுதான், நானே பயன்படுத்துறேன். ஆனா தமிழ்ல பேரு எழுதச் சொல்லிப் பாருங்க, பல தடவ கொம்பு ஒரு பக்கம் போகும், புள்ளி காணாம போகும், ‘ணை’ எழுதச் சொன்னா என்னமோ ஒன்னு வரும். அதுபோக பெரும்பாலும் வர்றது வெறும் படம், அச்சாபீஸ் அண்ணன் கேட்ட ஃபைலா மாத்த திரும்ப ஒரு ஆளு உக்காந்து கோடு போடணும். அதே மாதிரி படம் இன்னொருத்தருக்கும் வரலாம், நாளைக்கு அத எங்களோடதுன்னு எப்புடிச் சண்டை போடுவீங்க?

இப்ப தங்கச்சிமடம் தம்பிக்கு. 1,500க்கும் 25,000க்கும் என்ன வித்தியாசம்னா யோசிக்கிற நேரம். 1,500 வாங்குறவருக்கு உங்க பேரக் கேட்டு, இருக்குற மீன் படம் ஒன்ன எடுத்து ஒட்டி முடிக்கத்தான் நேரம் இருக்கு, அவர் மேல குத்தமில்ல. 25,000 வாங்குற கம்பெனி கடை வாடகை, ஆளு சம்பளம், மீட்டிங் எல்லாம் அதுல வச்சுத்தான் கேக்கும். 85,000னு சொன்னாங்கல்ல, ஜிஎஸ்டி சேத்தா சேக்காமலான்னு கேட்டீங்களா? 18% போட்டா அதுக்கு மேல 15,300, மொத்தம் 1,00,300. இத மொத நாளே கேட்டுக்கணும். தனியா வேலை பாக்குற ஆளு நம்ம பக்கம் 6,000லருந்து 10,000க்குள்ள ஒழுங்கா ஒரு லோகோ பண்ணித் தருவாங்க, ரெண்டு மூணு ஐடியா, ரெண்டு திருத்தம், எல்லா ஃபைலும். திருத்தம் எத்தனைன்னு முன்னாடியே பேசிக்கங்க, அளவில்லாத திருத்தம்னு யாராவது சொன்னா அதுலதான் ரெண்டு பக்கமும் சலிச்சுப் போகும். பணம் பாதி முன்னாடி, மிச்சம் ஃபைல் கைக்கு வந்ததும்.

ஃபாண்ட் விசயம் ஒன்னு. பேனர் கடைகள்ல இன்னும் பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபாண்ட்லதான் டைப் அடிக்கிறாங்க. ஃப்ளெக்ஸுக்கு ஓகே, ஆனா அதே எழுத்தக் காப்பி பண்ணி வெப்சைட்ல போட்டா குப்பையா வரும். எல்லா போன்லயும் கம்ப்யூட்டர்லயும் ஒழுங்கா தெரியுற யூனிகோட் எழுத்துல கேளுங்க. நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, கட்டமரான், பலூ தம்பி இதெல்லாம் காசில்லாம கெடைக்குது, யாவாரத்துக்கும் பயன்படுத்தலாம், லைசென்ஸ் தொல்லை கெடையாது. ஃபாண்டுக்குன்னு கொட்டேஷன்ல காசு போட்டிருந்தா எந்த ஃபாண்ட்னு கேளுங்க. எஸ்எஸ்எல்னு (சைட்டுக்குப் பாதுகாப்புப் பூட்டு) தனியா 4,000 போட்டிருந்தாலும் கேளுங்க, லெட்ஸ் என்கிரிப்ட் சும்மா கெடைக்குது, அநேக ஹோஸ்டிங்ல அதுவே வந்துரும்.

12,000க்கு எல்லாம் முடிச்சுத் தர்ற உங்க நண்பர் நல்ல பையனா இருப்பார், ஆனா ஆறு மாசம் கழிச்சு சைட்ல ஒரு கோளாறுன்னா அவருக்கு வேற வேலை வந்திருக்கும். வேர்ட்பிரஸ் வெப்சைட் கட்ட சும்மா கெடைக்குற சாஃப்ட்வேர்தான், அத அப்டேட் பண்ணிப் பாத்துக்க ஆளு வேணும், அதுக்கு வருசச் செலவு என்னன்னு இப்பவே எழுதி வாங்குங்க.

சாயல்குடி_கருப்பட்டி

லாத்தா சொன்னதுல எனக்கு ஒரு மறுப்பு இருக்கு, கோச்சுக்காதீக. வாட்ஸ்அப்ல ஆர்டர் பத்து வர்ற வரைக்கும் சுகம், அதுக்கு மேல யாரு காசு போட்டாக, யாருக்கு அனுப்பியாச்சு, யாரு அட்ரஸ் குடுக்கலன்னு நோட்டுல எழுதி மாளாது. நாங்க கருப்பட்டி, பனங்கற்கண்டு விக்கிறோம், சீசன்ல ராத்திரி தூங்க முடியாம கெடந்துட்டு அப்புறந்தான் கார்ட் வச்ச வெப்சைட் போட்டோம், இப்ப ஆளுக தானா பணம் கட்டி தானா அட்ரஸ் போட்டுர்றாக. வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸ்ல கடை வைக்கிற சாஃப்ட்வேர்) காசில்லாமதான் கெடைக்குது, போட்டுக் குடுக்க ஆளு கூலிதான் செலவு.

ஆனா அதுல மறைஞ்சு கெடக்குற செலவையும் கேட்டுக்கங்க. எங்க பேமெண்ட் கேட்வே (ஆன்லைன்ல பணம் வாங்கித் தர்ற கம்பெனி) 2% எடுக்குது, அந்த 2%க்கு மேல 18% ஜிஎஸ்டி, 1,000 ரூபா ஆர்டர்ல 23 ரூபா 60 காசு வரைக்கும் போயிரும். கேட்வே குடுக்க ரீஃபண்ட் பாலிசி, பிரைவசி பாலிசி, காண்டாக்ட் பக்கமெல்லாம் சைட்ல இருக்கான்னு பாப்பாக, அத எழுதுறதும் வேலைக் கணக்குல உண்டான்னு கேட்டுக்கங்க, எங்களுக்கு அது தனி பில்லா வந்துச்சு. கருவாட்டுக்கு இன்னொன்னு, வாசம் வெளிய வந்தா கூரியர்ல கைய நீட்டி வாங்க மாட்டாக, வேக்கம் பேக்கிங்குக்கு ஒதுக்காம லோகோவுக்கு ஒதுக்கி என்ன செய்ய?

தொதல்_லாத்தா

சாயல்குடி காக்கா, கோபமே இல்ல, நீங்க சொல்றது நெசம்தான். ஆனா தம்பிக்கு இன்னும் பத்து ஆர்டரே வரலையே. வரட்டும், அப்ப கார்ட் போடட்டும். சீட்டுக் காசுன்னு வேற சொல்லுது.

சாயல்குடி_கருப்பட்டி

அதுவும் சரிதான். அப்ப பின்னாடி கார்ட் சேக்குற மாதிரி இப்பவே வேர்ட்பிரஸ்ல போடச் சொல்லுங்க, மொத்தமா இடிச்சுட்டுக் கட்ற மாதிரி வச்சுராதீக.

தொண்டி_வக்கீல்

யாருமே பேர் பதிவு பத்திப் பேசலையே. தம்பி, லோகோ வரையிறதுக்கு முன்னாடி பேர முடிவு பண்ணுங்க, பேர முடிவு பண்றதுக்கு முன்னாடி டிரேட்மார்க் தளத்துல தேடிப் பாருங்க, தேடக் காசு கெடையாது. தனி ஆளுக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைன்ல போட்டா ஒரு வகுப்புக்கு (பொருள் வகைக்கு) 4,500, மத்தவங்களுக்கு 9,000. உங்ககிட்ட உத்யம் இருக்கு, குறைஞ்ச கட்டணம்தான். கருவாடு 29ஆம் வகுப்பு. மிளகாய்ப் பொடி 30ஆம் வகுப்பு, அதையும் சேத்தா இன்னொரு 4,500, அதனால பொடி நெசமாவே வர்றப்ப அதப் போட்டுக்கலாம். பதிவாச்சுன்னா விண்ணப்பிச்ச தேதியிலருந்து பத்து வருசம்.

‘ராமேஸ்வரம் கருவாடு’ மாதிரி ஊர்ப் பேரும் பொருள் பேரும் மட்டும் சேத்து வச்சா பதிவுல ஆட்சேபணை வரும், அது எல்லாருக்கும் பொதுவான பேரு. வீட்டுப் பேரு, படகுப் பேரு, புதுசா உருவாக்குன பேரு நல்லது. விண்ணப்பம் போட்டதும் டிஎம்னு போட்டுக்கலாம், வட்டத்துக்குள்ள ஆர் போடுறது பதிவான பிறகுதான், முன்னாடி போட்டா குற்றம். முண்டு வத்தல்னதும் இன்னொன்னு, ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு கெடைச்சிருக்கு, அந்த முத்திரைய பாக்கெட்டுல போடணும்னா அங்கீகரிக்கப்பட்ட பயனாளரா பதிவு பண்ணிக்கணும், டிசைனர் அழகா இருக்குன்னு சும்மா ஒட்டிரக் கூடாது.

அடுத்தது முக்கியம். காசு குடுத்து வரைஞ்சு வாங்குனா லோகோ நமக்குச் சொந்தம்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. எழுதி வாங்கலன்னா பதிப்புரிமை பெரும்பாலும் வரைஞ்சவர்கிட்டயே நிக்கும். பதிப்புரிமைச் சட்டம் 1957படி மாத்திக் குடுக்குறது எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். அதுல எத்தனை காலம்னு போடலன்னா அஞ்சு வருசம்தான், எந்த எடம்னு போடலன்னா இந்தியாக்குள்ள மட்டும்தான்னு சட்டமே எடுத்துக்கும். ஒரு பக்கத்துல எழுதி வாங்குனா போதும், இதுக்கு எந்தச் செலவும் இல்ல, தயவுசெஞ்சு விட்டுராதீங்க.

கோடும்_கலரும்

வக்கீல் சார் சொல்றத நான் எப்பவும் எழுதிக் குடுத்துருவேன். கேட்டா எந்த நல்ல டிசைனரும் மறுக்க மாட்டாங்க, என் வேலைய என் பக்கத்துல காட்டிக்க மட்டும் அனுமதி கேப்பேன், அவ்வளவுதான்.

ராமேஸ்வரம்_ரூம்காரர்

எங்களுது லாட்ஜு, கணக்கு வேற, ஆனாலும் ஒன்னு சொல்றேன். எங்களுக்கு வர்ற ஆளுல முக்காவாசி கூகுள் மேப்ல பாத்துட்டுத்தான் போன் அடிக்கிறாக, அந்தப் பதிவுக்குக் காசு கெடையாது. சாமி கும்புட வர்றவுக திரும்பிப் போறப்ப கருவாடு எங்க கெடைக்கும்னு என்கிட்டயே கேக்குறாக. மேப்ல உங்க எடத்தப் போட்டு நல்ல போட்டோ நாலு ஏத்துங்க, போட்டோவுக்கு ஸ்டூடியோ வேணாம், காலையில ஏழு எட்டு மணி வெயில்ல போன்லயே எடுங்க, உச்சி வெயில்ல எடுத்தா நெத்திலி வெள்ளையா வெளுத்துப் போகும்.

தங்கச்சிமடம்_தம்பி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அம்மாகிட்டயும் சித்திகிட்டயும் உக்காந்து ஒவ்வொன்னா வாசிச்சுக் காமிச்சேன். இப்ப நாங்க போட்டுருக்க கணக்கு இது, தப்பு இருந்தா சொல்லுங்க. லோகோவுக்கு 8,000, தனியா வேலை பாக்குறவருகிட்ட, உரிமை எழுதி வாங்கி. டிரேட்மார்க் 29 மட்டும் 4,500. பொது ஸ்டிக்கரும் மீன் ஸ்டிக்கரும் 6,000. ஒரே பக்கம் வச்ச வெப்சைட், வேர்ட்பிரஸ்ல, வாட்ஸ்அப்புக்குப் போற பட்டனோட, 10,000. டொமைனும் ஹோஸ்டிங்கும் 4,000, அத நானே என் ஈமெயில்ல வாங்கப் போறேன். இது 32,500 வருது. மிச்சம் 7,500 தொடாம வச்சு அடுத்த வருச ரினீவலுக்கும் ஸ்டிக்கர் ரெண்டாவது தடவ அடிக்கவும். வேக்கம் பேக்கிங் மிஷின் சித்தி தனியா பாத்துக்கிறேன்னு சொல்லிருச்சு. பாலம் வேணாம்னு முடிவாயிருச்சு, பரண் வரைவோம். கூடப் படிச்சவன்கிட்ட போட்டோ எடுக்குற வேலையும் சைட்ல ஏத்துற வேலையும் மட்டும் குடுக்கப் போறேன், அதுல அவனுக்கும் வருத்தமில்ல.

சின்ன சந்தேகம், தமிழ்லயே டொமைன் வாங்கலாமா?

கோடும்_கலரும்

வாங்கலாம், டாட் இந்தியான்னு தமிழ் எழுத்துலயே இருக்கு. ஆனா அத மட்டும் வச்சுக்காதீங்க, போன்ல பேரு சொல்லி டைப் அடிக்கிறவங்க இங்கிலீஷ்லதான் அடிக்கிறாங்க. டாட் இன் முக்கியமா வச்சுக்கிட்டு, காசு மிஞ்சுனா தமிழ் முகவரிய அதுக்குத் திருப்பி விடலாம். கணக்கு நல்லா இருக்கு.

அச்சாபீஸ்_அண்ணன்

ஸ்டிக்கர் மொத தடவ கொஞ்சமா அடிங்க தம்பி, 6,000த்தையும் ஒரே மூச்சுல போடாதீக. கருவாட்டு எண்ணெய் பட்டா சாதா பேப்பர் ஸ்டிக்கர் ஊறிரும், பிளாஸ்டிக் ஷீட்டுல கேளுங்க, ஒன்னுக்குச் சில பைசா கூடும், பரவால்ல. மொத பாக்கெட்டுல ஒட்டி ஒரு வாரம் வீட்டுலயே வச்சுப் பாத்துட்டு மிச்சத்துக்கு ஆர்டர் குடுங்க.

தொண்டி_வக்கீல்

பேர தேடிப் பாத்துட்டு இங்கயே போடுங்க தம்பி, ஆனா விண்ணப்பம் போட்ட பிறகு போடுங்க, அதுக்கு முன்னாடி பொதுவுல சொல்லாதீங்க. விண்ணப்பம் டிரேட்மார்க் ஜர்னல்ல வந்த பிறகு மத்தவங்க எதிர்ப்புச் சொல்ல 4 மாசம் இருக்கு, அது வரைக்கும் பெரிய பிரிண்ட் ஆர்டர் எதுவும் வேணாம்.

தங்கச்சிமடம்_தம்பி

சரிங்க சார். இன்னைக்கு ராத்திரியே மூணு பேர் தேடிப் பாக்குறேன், அதுல ஒன்னு தாத்தாவோட வத்தைக்கு (சின்னப் படகுக்கு) வச்ச பேரு.